வீட்டு வைஃபையின் சாவி வீட்டுக்காரர் கையில் இருக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொலைபேசித் துறையில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது திருச்சி உறையூரில் குடியிருப்பவன் நான். எங்கள் தெருவில் கடந்த சில மாதங்களாக நான் நேரில் கண்ட ஒரு நிலைமையைத் தங்கள் நாளிதழின் வாசகர்களுக்கும், வீடுகளுக்கு இணைய இணைப்பு தரும் நிறுவனங்களுக்கும், அந்த நிறுவனங்களின் சார்பில் ஃபைபரை வீடு வரை இழுத்துக் கொடுக்கும் உள்ளூர் கேபிள் ஆபரேட்டர்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். கடிதம் சற்று நீண்டுவிட்டது. சுருக்கினால் ‘வைஃபை கடவுச்சொல்லை மாற்றுங்கள்’ என்ற ஒற்றை வரியில் நின்றுவிடும். அந்த வரியை எல்லாரும் பலமுறை படித்திருக்கிறார்கள். ஆனால் எங்கள் தெருவில் ஏறக்குறைய யாருமே மாற்றியிருக்கவில்லை. ஏன் மாற்றவில்லை என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

எங்கள் எதிர்வீட்டில் ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவர் தனியாக வசிக்கிறார். மாலை வேளையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித் தருகிறார். வெளிநாட்டில் இருக்கும் மகனோடு வீடியோவில் பேசுவதற்காகவே ஃபைபர் இணைப்பு வாங்கியிருந்தார். மாதந்தோறும் 20ஆம் தேதிக்குள் அதிவேக டேட்டா தீர்ந்துபோய், மிச்ச நாட்களில் மகனின் முகம் திரையில் அப்படியே உறைந்து நின்றுவிடுகிறது என்று பல நாளாக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். இணைப்பு கொடுத்தவர்களிடம் புகார் சொன்னபோது, இவ்வளவு டேட்டா அவருடைய இணைப்பில்தான் செலவாகியிருக்கிறது என்று கணக்கைக் காட்டியிருக்கிறார்கள். கணக்கில் தவறு ஏதும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் போய், வைஃபை தரும் பெட்டியான ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தைப் போனில் திறந்து, அந்த நேரத்தில் அதோடு இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைப் பார்த்தேன். பதினான்கு கருவிகள் இருந்தன. “டீச்சர், இதெல்லாம் யாருடையது?” என்று கேட்டேன். “என்கிட்ட இருக்கிறது ஒரு போன், ஒரு டேப், ஒரு டிவி. மூணுதானே சார்?” என்றார்.

வைஃபையின் கடவுச்சொல் அவருடைய கைபேசி எண். அந்தக் கைபேசி எண் அவர் வீட்டு கேட்டில் மாட்டியிருக்கும் நீலப் பலகையில், ‘தமிழ், சமூக அறிவியல் பாடங்கள் சொல்லித் தரப்படும்’ என்ற வரிக்குக் கீழே, தெருமுனையிலிருந்தே படிக்கக்கூடிய அளவில் வெள்ளை எழுத்தில் எழுதப்பட்டிருக்கிறது. வைஃபைக்கு வைத்திருந்த பெயரும் அவருடைய பெயரேதான். ஆகவே, அந்த வழியாக நடந்து போகிற எவரும் தம் போனில் தெரியும் வைஃபைப் பட்டியலில் ஒரு பெயரைப் பார்த்து, தலையை நிமிர்த்தினால் பலகையில் அதே பெயரையும் அதன் கீழே அதற்கான சாவியையும் பார்த்துக்கொள்ளலாம் என்ற நிலை ஒன்றரை ஆண்டுகளாக இருந்திருக்கிறது.

இந்தக் கடவுச்சொல்லை அவர் வைக்கவில்லை. இணைப்புக் கொடுக்க வந்த இளைஞர் வேலையை முடித்துவிட்டு, “டீச்சர், உங்க போன் நம்பரையே பாஸ்வேர்டா வச்சிட்டேன், மறக்காது” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதை அவர் ஓர் அக்கறையாகவே எடுத்துக்கொண்டார். அந்த இளைஞரும் அக்கறையோடுதான் சொல்லியிருப்பார். என் வீட்டுக்கு இணைப்பு வந்த அன்று எனக்கும் ஏறக்குறைய இதே வாக்கியம்தான் சொல்லப்பட்டது. தெருச் சங்கத்தின் மூலம் கேட்டுக்கொண்டு, விருப்பப்பட்டவர்கள் வீடுகளுக்கு மட்டும் போய்ப் பார்த்தபோது, பெரும்பாலான வீடுகளில் கைபேசி எண்ணும், மற்றவற்றில் வீட்டுக்காரர் பெயரோடு 123 சேர்த்ததும்தான் கடவுச்சொல்லாக இருந்தன. அவற்றில் எதையும் வீட்டுக்காரர் தாமாகத் தேர்ந்தெடுக்கவில்லை.

இதில் என்னை மிகவும் வருத்திய செய்தி ஒன்று உண்டு. ஆசிரியை வீட்டு ரௌட்டரைத் திருப்பிப் பார்த்தால், அடியில் ஒட்டியிருக்கும் வெள்ளை ஸ்டிக்கரில், அந்தப் பெட்டிக்கென்றே தொழிற்சாலையில் கொடுத்த கடவுச்சொல் அச்சிடப்பட்டிருக்கிறது. எழுத்தும் எண்ணும் கலந்து, எந்தப் பொருளும் இல்லாமல், எவரும் ஊகிக்க முடியாதபடி இருக்கும் நல்ல கடவுச்சொல் அது. அதை எடுத்துவிட்டுத்தான் கைபேசி எண்ணை வைத்திருக்கிறார்கள். நல்ல பூட்டைக் கழற்றிவிட்டு, வாசலில் தொங்கும் சாவிக்குத் திறக்கிற பூட்டை மாட்டியதற்குச் சமம் இது.

கைபேசி எண்ணைப் பலகையில் எழுதிவைக்காதவர்கள் ‘நமக்கென்ன’ என்று இருந்துவிட முடியாது. இன்று வீடுகளில் பெரும்பாலும் உள்ளது டபிள்யூ.பி.ஏ.2 என்ற பாதுகாப்பு முறை. 2004இல் வந்தது, கடவுச்சொல் வலுவாக இருக்கும்வரை இன்றும் நம்பத்தக்கது. ஆனால் அதற்கு ஒரு பலவீனம் உண்டு. நம் போன் ரௌட்டரோடு சேரும்போது கடவுச்சொல் காற்றில் அப்படியே போவதில்லை என்றாலும், ‘எனக்குக் கடவுச்சொல் தெரியும்’ என்பதற்கான அத்தாட்சி ஒன்று போகிறது. அந்த அத்தாட்சியை வெளியிலிருந்து ஒருவர் பதிவு செய்துகொண்டு, தம் வீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு கடவுச்சொல்லாகப் போட்டுப் பார்த்து எது பொருந்துகிறது என்று கண்டுபிடித்துவிடலாம். சாவியைச் சோப்பில் அழுத்தி அச்செடுத்துப் போகிற திருடனைப் போல, அவர் மறுபடி நம் வீட்டுப் பக்கம் வரவேண்டியதே இல்லை; எத்தனை முறை தவறாகப் போட்டுப் பார்த்தாலும் நம் ரௌட்டருக்குத் தெரியாது. பல ரௌட்டர்களில், யாருடைய போனும் இணையும்வரை காத்திருக்காமல் ரௌட்டரிடமிருந்தே அத்தகைய அத்தாட்சியைப் பெற்றுவிடும் வழியும் 2018இல் வெளிவந்தது.

இஸ்ரேலில் சைபர்ஆர்க் என்ற நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர் இந்த வழியைப் பயன்படுத்தி, டெல் அவிவ் நகரத் தெருக்களைச் சுற்றி வந்து சுமார் 5,000 வைஃபைகளின் அத்தாட்சிகளைச் சேகரித்தார். அவற்றில் ஏறத்தாழ 70 விழுக்காட்டின் கடவுச்சொல்லைக் கண்டுபிடித்துவிட்டதாக 2021 அக்டோபரில் அறிவித்தார். அவர் முதலில் முயன்றது என்ன தெரியுமா? அந்நாட்டுக் கைபேசி எண்களைத்தான். அங்கேயும் மக்கள் கைபேசி எண்ணையே வைஃபைக்கு வைக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

நம் ஊர்க் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நம் கைபேசி எண்கள் 6, 7, 8, 9 ஆகிய எண்களில் ஒன்றில் தொடங்கும் பத்திலக்க எண்கள். எப்படி எழுதினாலும் மொத்தம் 400 கோடிக்கு மேல் இருக்க முடியாது. கணினி விளையாட்டுக்காக இளைஞர்கள் வாங்கும் ஆற்றல்மிக்க வரைகலை அட்டை ஒன்று நொடிக்கு 5 லட்சம் கடவுச்சொற்களைச் சோதித்துவிடும். 400 கோடியும் முடிய 8,000 நொடிகள், அதாவது இரண்டே கால் மணி நேரத்துக்குள். அதுவும் எல்லா எண்களையும் சோதித்தால்தான். நம் வட்டாரத்தில் புழங்கும் தொடக்க எண்களை மட்டும் எடுத்துக்கொள்கிறவருக்கு அவ்வளவு நேரம்கூட ஆகாது. பத்து இலக்கம் நீளமாகத்தானே இருக்கிறது என்று நம்பியிருப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

யாரோ நம் இணைப்பில் படம் பார்த்துவிட்டுப் போகட்டுமே என்று பெருந்தன்மையாக நினைப்பவர்களும் எங்கள் தெருவில் உண்டு. தண்ணீர் கேட்டவருக்கு மோர் கொடுக்கிற ஊர் நம்முடையது. அந்த மனத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தொலைபேசித் துறையில் இருந்தவன் என்ற முறையில் எனக்குப் பழைய நினைவு ஒன்று வருகிறது. எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. எனப்பட்ட வெளியூர், வெளிநாட்டு அழைப்புகளுக்கு எக்கச்சக்கமான கட்டணம் இருந்த காலத்தில், கம்பத்தில் இருக்கும் இணைப்புப் பெட்டியைத் திறந்து, வேறொருவர் லைனில் இரண்டு கம்பிகளை மாட்டி ஊர் ஊராகப் பேசுகிறவர்கள் இருந்தார்கள். பேசியவன் போய்விடுவான், பில் சந்தாதாரர் பெயரில் வரும். ‘நான் பேசவே இல்லை’ என்று அழுதபடி கவுன்டரில் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். பேசாததை நிரூபிப்பது எளிதல்ல. அதனால்தான் எஸ்.டி.டி. பூட்டுக்கு ரகசிய எண் வைத்துக்கொள்ளுங்கள், அதை 1234 என்று வைக்காதீர்கள் என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்போம்.

வைஃபையிலும் கதை அதுவே; ஆனால் இழப்பு பணத்தோடு நிற்பதில்லை. ஒரு வீட்டில் எத்தனை கருவிகள் இருந்தாலும் அவை அனைத்தும் பொதுவாக வெளியுலகுக்கு ஒரே இணைய முகவரியோடுதான் தெரியும். அந்த முகவரியிலிருந்து ஒரு மிரட்டலோ மோசடியோ நடந்தால், காவல்துறை இணைய நிறுவனத்திடம் கேட்கும். அந்த நேரத்தில் அந்த முகவரி எந்தச் சந்தாதாரருடையது என்று நிறுவனம் சொல்லும். விசாரணை முதலில் வந்து நிற்பது அவர் வாசலில்தான். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு நடப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன் ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அது நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டு இணைப்பிலிருந்து போயிருந்தது. அவருடைய வைஃபை பாதுகாப்பின்றி இருந்திருக்கிறது. யாரோ வெளியிலிருந்து அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அந்தச் செயலில் எந்தத் தொடர்பும் இல்லாத அவர் திரும்பத் திரும்ப விசாரணைக்கு ஆளானார். அதே ஆண்டு செப்டம்பர் 13 அன்று டெல்லியில் குண்டுகள் வெடித்தபோதும், மும்பை செம்பூரில் இருந்த ஒரு நிறுவனத்தின் வைஃபை வழியாகத்தான் மின்னஞ்சல் அனுப்பப்பட்டிருந்தது. இவை நடந்து பல ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் ஆசிரியை அந்த நிலையில் நின்றிருந்தால் என்ன செய்திருப்பார் என்று நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

வைஃபைக்குள் வந்துவிட்டவர் அடுத்ததாக ரௌட்டருக்குள்ளேயே போக முயலலாம். ரௌட்டருக்கு இரண்டு கடவுச்சொற்கள் உண்டு என்பதைப் படித்தவர்களில்கூடப் பலர் அறிந்திருக்கவில்லை. ஒன்று, வைஃபையில் சேர்வதற்கானது. மற்றொன்று, ரௌட்டரின் அமைப்புகளை மாற்றுவதற்கான நிர்வாகக் கடவுச்சொல். முதலாவது வீட்டு வாசல் சாவி என்றால், இரண்டாவது பீரோச் சாவி. ஆசிரியையின் ரௌட்டரில் இந்த இரண்டாவது, பெயரும் கடவுச்சொல்லும் இரண்டுமே ‘அட்மின்’ என்று, வாங்கிய நாளில் இருந்தபடியே இருந்தது. அதைத் தெரிந்துகொண்டவர், ஓர் இணையதளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் முகவரியைத் தேடித் தரும் சர்வரை, அதாவது டி.என்.எஸ். அமைப்பை, தமக்கு வேண்டியபடி மாற்றிவிடலாம். அப்புறம் வங்கியின் பெயரைச் சரியாகத் தட்டினாலும் வேறு இடத்துக்குப் போய்ச் சேர வாய்ப்புண்டு. பிரவுசர் பெரும்பாலும் சிவப்பு எச்சரிக்கை காட்டும் என்றாலும், அந்த ஆங்கில எச்சரிக்கையைப் படிக்காமல் ‘தொடரலாம்’ என்பதை அழுத்திவிடுகிற முதியவர்கள் எத்தனை பேர்? டி.என்.எஸ். அமைப்பை மாற்றும் இந்த மோசடியைச் செய்துவந்த எஸ்டோனியக் கும்பல் ஒன்றை 2011 நவம்பரில் அமெரிக்கப் புலனாய்வுத் துறை பிடித்தபோது, நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் 40 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டிருந்தன.

‘அட்மின்’ கடவுச்சொல்லின் விலையை உலகம் 2016இல் பெரிதாகக் கொடுத்தது. மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த சுமார் 60 பெயர்-கடவுச்சொல் இணைகளை மட்டுமே வைத்துக்கொண்டு, வீடுகளிலும் கடைகளிலும் இருந்த கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் ரௌட்டர்களையும் லட்சக்கணக்கில் தன்வசப்படுத்தியது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அத்தகைய கருவிகள் ஒன்றுசேர்ந்து ஒரு டி.என்.எஸ். நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர் போன்ற தளங்களே அமெரிக்காவின் பல பகுதிகளில் மணிக்கணக்கில் திறக்கவில்லை. நம் நாட்டிலும் 2017 ஜூலையில், வாங்கியபோது இருந்த கடவுச்சொல்லை மாற்றாத ஆயிரக்கணக்கான மோடம்கள் தாக்கப்பட்டுச் செயலிழந்தன, அப்போது பி.எஸ்.என்.எல். தன் வாடிக்கையாளர்களிடம் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளும்படி வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டது. வீட்டுக்கு வீடு கேமரா மாட்டிவரும் இக்காலத்தில், திருடனைப் பிடிப்பதற்காக வாங்கிய கேமராவே வெளியாளுக்குக் கண்ணாகிவிடக் கூடாது என்பதால், கேமராவின் கடவுச்சொல்லையும் சேர்த்தே மாற்றும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆசிரியையின் வீட்டில் நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். வேறு எவருக்கேனும் உதவக்கூடும். வீட்டு வைஃபையில் இணைந்திருக்கும் போனின் பிரவுசரில், ஸ்டிக்கரில் போட்டிருந்த 192.168.1.1 என்ற முகவரியைத் தட்டினோம். சில பெட்டிகளில் இந்த எண் சற்று வேறாக இருக்கும். ஸ்டிக்கரில் இருப்பதுதான் சரி. முதல் வேலையாக நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றினோம். பிறகு வைஃபையின் பெயரிலிருந்து அவருடைய பெயரை எடுத்துவிட்டு, எந்த வீடு என்று காட்டிக்கொடுக்காத ஒரு பெயரை வைத்தோம். அதன்பின் வைஃபை கடவுச்சொல். எல்லாருக்கும் தெரிந்த ஒரு செய்யுளின் முதல் வரியை ஆங்கில எழுத்தில் வைக்கலாமா என்று கேட்டார். தமிழாசிரியைக்கு அப்படித் தோன்றியது இயல்புதான் என்றாலும், புகழ்பெற்ற வரிகளும் பாட்டுகளும் ஊகிக்கிறவர்களின் பட்டியலில் முன்னாலேயே இருக்கும் என்பதால் வேண்டாம் என்றேன். ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத நான்கைந்து சொற்களைக் கண்ணை மூடிக்கொண்டு அகராதியைப் புரட்டி எடுத்தார். அவற்றை ஆங்கில எழுத்தில் இடைவெளியின்றி எழுதினோம். இருபத்தைந்து எழுத்துக்கு மேல் வந்தது. டபிள்யூ.பி.ஏ.2 முறையில் 63 எழுத்து வரை வைக்கலாம் என்பதால் நீளத்துக்குத் தயங்க வேண்டியதில்லை. இங்கே எடுத்துக்காட்டு ஒன்றைத் தரும் எண்ணம் எனக்கில்லை. அச்சில் வந்ததை அப்படியே வைத்துக்கொள்பவர்கள் உண்டு.

அந்தச் சொற்களை அவர் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்துக்கொண்டார். கடவுச்சொல்லை எழுதவே கூடாது என்று அறிவுரை சொல்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டு வைஃபையைப் பொறுத்தவரை அது தேவையற்ற பயம். நாம் தடுக்க வேண்டியது தெருவில் நிற்பவரை. அவரால் பீரோவுக்குள் இருக்கும் நோட்டைப் பார்க்க முடியாது. மறந்துவிடுமோ என்ற அச்சத்தால்தான் எல்லாரும் போன் நம்பருக்குத் திரும்பிவிடுகிறார்கள். நோட்டில் எழுதினால் அந்த அச்சம் நீங்கிவிடுகிறது.

பாதுகாப்பு முறையைப் பார்த்தோம், டபிள்யூ.பி.ஏ.2 இருந்தது. புதிய பெட்டிகளில் 2018இல் அறிவிக்கப்பட்ட டபிள்யூ.பி.ஏ.3 இருக்கும். அத்தாட்சியைப் பதிவு செய்துகொண்டு வீட்டில் உட்கார்ந்து ஊகிக்கும் வித்தை அதில் பலிக்காது என்பதால், எல்லாக் கருவிகளும் ஏற்றுக்கொண்டால் அதையே வைப்பது மேல். இரண்டும் கலந்த முறையை வைத்தால் பழைய வழியும் திறந்தே இருக்கும். ஆகவே அப்போதும் நீண்ட கடவுச்சொல் தேவை. டபிள்யூ.இ.பி. என்ற பழைய முறை மட்டுமே உள்ள பெட்டி இன்னும் எவர் வீட்டிலாவது இருந்தால், தயங்காமல் மாற்றிவிட வேண்டும். அது 2001இலேயே உடைக்கப்பட்டது.

அடுத்து டபிள்யூ.பி.எஸ். என்ற வசதியை அணைத்தோம். கடவுச்சொல் தட்டாமல் எட்டிலக்க எண் ஒன்றைக் கொண்டு கருவியை இணைப்பதற்காகக் கொடுக்கப்பட்ட வசதி அது. எட்டிலக்கம் என்றால் பத்துக் கோடி வாய்ப்புகள் என்று தோன்றும். ஆனால் ரௌட்டர் முதல் நான்கு இலக்கங்களைத் தனியாகச் சரிபார்த்து, அது சரியா தவறா என்பதை வெளிப்படுத்திவிடுகிறது. கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்கிட்டு வருவது. ஆகவே முதல் நான்குக்கு 10,000 முறையும் மிச்ச மூன்றுக்கு 1,000 முறையும் சேர்த்து 11,000 முயற்சிகளில் முடிந்துவிடும். 2011 டிசம்பரில் இந்தக் குறை வெளிவந்தது. கடவுச்சொல்லை எவ்வளவு நீளமாக வைத்தாலும் இந்தப் பின்வாசல் திறந்திருந்தால் பயனில்லை. வெளியிலிருந்து ரௌட்டரை நிர்வகிக்கும் வசதியும் தேவையின்றி இருந்தது, அதையும் அணைத்தோம். பெட்டியை இயக்கும் உள்மென்பொருளான ஃபர்ம்வேருக்குப் புதிய பதிப்பு இருந்ததால் அதையும் ஏற்றினோம். எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம் ஆனது.

வைஃபையின் பெயர் பட்டியலில் தெரியாதபடி மறைத்துவைத்தால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். மறைத்த பெயரை எளிய மென்பொருள்களே காட்டிவிடும். அதை நம்பிக் கடவுச்சொல்லில் அசட்டையாக இருந்துவிடக் கூடாது.

விருந்தினர் வைஃபை என்ற வசதியைப் பற்றி ஒரு வார்த்தை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் உறவினர் வந்ததும், உட்காரும் முன்பே பிள்ளைகள் கேட்பது வைஃபை கடவுச்சொல்லைத்தான். இல்லை என்று சொல்ல நமக்கு மனம் வராது. நம் பழைய வீடுகளில் திண்ணை இருந்தது. வழிப்போக்கர்கள் அதில் படுத்து எழுந்து போவார்கள். அதற்காக அறைச் சாவியை யாரும் அவர்களிடம் கொடுத்ததில்லை. விருந்தினர் வைஃபை அந்தத் திண்ணைதான். பெரும்பாலான ரௌட்டர்களில் இருக்கிறது. அதில் சேர்பவர்களுக்கு இணையம் கிடைக்கும். வீட்டுக் கணினியும் கேமராவும் எட்டாது. ஆசிரியை இப்போது தம் மாணவர்களுக்கு இதைத்தான் தருகிறார். தேர்வு முடிந்ததும் அதன் கடவுச்சொல்லை மாற்றிவிடுவதாகவும் சொன்னார்.

இதெல்லாம் நான் எதிர்வீட்டில் இருந்ததால் நடந்தது. எல்லார் எதிர்வீட்டிலும் தொலைபேசித் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர் இருக்க முடியாது. ஆகவே இதை வீட்டுக்காரரின் அறியாமை என்று ஒதுக்கிவிடாமல், கடவுச்சொல் வைக்கப்படும் அந்த இரண்டு நிமிடத்தில் சரிசெய்ய வேண்டும் என்பதே என் வேண்டுகோள். பிரிட்டனில் எளிதில் ஊகிக்கக்கூடிய தொழிற்சாலைக் கடவுச்சொல்லோடு ரௌட்டர், கேமரா போன்ற கருவிகளை விற்பதற்கு 2024 ஏப்ரல் 29 முதல் சட்டப்படி தடை இருக்கிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 2020 முதலே இத்தகைய சட்டம் நடைமுறையில் உள்ளது. நல்ல சட்டங்கள்தான். ஆனால் நம் வீடுகளில் தொழிற்சாலை கொடுத்த நல்ல கடவுச்சொல்லை எடுத்துவிட்டு மோசமானதை வைக்கிற பழக்கம் இருக்கும்வரை, அப்படியொரு சட்டம் இங்கே வந்தாலும் ஆசிரியையின் வீட்டுக்கு அதனால் பயனில்லை.

இணைப்புக் கொடுக்க வரும் இளைஞர்களை நான் குறை சொல்லவில்லை. ஒரு நாளில் பல வீடுகளுக்கு ஏணியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். யாராவது கடவுச்சொல்லை மறந்தால் அழைப்பு அவர்களுக்குத்தான் வரும். அதற்குத் தனியாகச் சம்பளம் இல்லை. மறக்காத கடவுச்சொல்லை அவர்கள் நாடுவது இயல்பு. நானும் கம்பம் ஏறி வேலை செய்தவர்களோடு இருந்தவன்தான். மேலிருந்து ஒரு நடைமுறை வகுத்துக் கொடுக்காமல் இவர்களைக் கடிந்துகொள்வதில் நியாயமில்லை.

நிறுவனங்கள் அந்த நடைமுறையை வகுக்க வேண்டும். வைஃபை கடவுச்சொல்லை டெக்னீஷியன் தட்டாமல், வீட்டில் இருப்பவரே தட்டும்படி போனை அவர் கையில் கொடுக்க வேண்டும்; கைபேசி எண்ணை வைத்தால் ஏற்காதபடி ரௌட்டரின் மென்பொருளிலேயே தடுத்துவிடுவது இன்னும் எளிது. இல்லையேல் ஸ்டிக்கரில் உள்ளதை அப்படியே விட்டுவிடலாம். நிர்வாகக் கடவுச்சொல்லை ஊருக்கெல்லாம் ஒன்றாக வைத்துக்கொண்டு வாடிக்கையாளரிடம் சொல்ல மறுக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. எங்கள் தெருவிலேயே இரண்டு வீடுகளில் அதனால் எதையும் மாற்ற முடியவில்லை. வீட்டுக்கு வீடு வேறான நிர்வாகக் கடவுச்சொல் வைத்து, அதைச் சந்தாதாரரிடம் எழுத்தில் ஒப்படைக்க வேண்டும். தன் பெயரில் இருக்கும் இணைப்புக்குத் தான் பதில் சொல்ல வேண்டும் என்றால், அதன் சாவியைக் கேட்கும் உரிமையும் அவருக்கு இருக்க வேண்டும் அல்லவா?

இணைப்பு முடிந்ததும் கையெழுத்து வாங்கும் படிவத்தின் பின்பக்கத்தில், இந்த இரண்டு கடவுச்சொற்களையும் மாற்றும் முறையைப் பெரிய எழுத்தில், தமிழில் அச்சிட்டுத் தரலாம். ரௌட்டரின் பக்கங்கள் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கின்றன. முப்பதாண்டுகள் பாடம் நடத்திய ஓர் ஆசிரியை அந்தத் திரையின் முன் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். கைபேசிகளே தமிழில் பேசும் காலத்தில், தமிழ்நாட்டில் லட்சக்கணக்கில் விற்கும் ஒரு பெட்டிக்குத் தமிழ்த் திரை கொடுப்பது பெரிய காரியமாக இருக்க முடியாது.

நிறுவனங்கள் முன்வரும்வரை, மாநிலக் காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவும் இ-சேவை மையங்களும் இதைக் கையில் எடுத்துக்கொள்ளலாம். இணையப் பண மோசடி நடந்தால் 1930 என்ற எண்ணை அழைக்கச் சொல்லும் விளம்பரங்களில், வைஃபை கடவுச்சொல்லாகக் கைபேசி எண்ணை வைக்காதீர்கள் என்ற ஒரு வரியையும் சேர்த்தால் நல்லது. தங்கள் நாளிதழ் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில், வெட்டி எடுத்து ரௌட்டரின் அருகே ஒட்டிவைக்கக்கூடிய அளவில், படங்களோடு ஒரு வழிகாட்டியை வெளியிட்டால் எங்கள் தெருச் சங்கம் அதை வீடுவீடாகக் கொடுக்கத் தயாராக இருக்கிறது. அதை எழுத என் உதவி தேவைப்பட்டால் மகிழ்ச்சியோடு செய்து தருவேன்.

சென்ற வாரம் ஆசிரியை வீட்டுப் பட்டியலை மீண்டும் பார்த்தோம். மூன்று கருவிகள் இருந்தன. விருந்தினர் வைஃபையில் மாணவர்களுடையவை நான்கு. தேதி 26. மகனோடு அன்று காலையிலும் தெளிவாகப் பேசியதாகச் சொன்னார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
உறையூர், திருச்சிராப்பள்ளி.